அடைப்புக்குறிக்குள் ஆண்டு போட்ட ஜெயந்தி

செய்தி ஜெயந்தி வீட்டில் வேலை பார்க்கும் பவானியிடமிருந்து போனில் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை, கே.கே. நகர் வீட்டில் நான் பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். "விஜிம்மா, அக்கா எழுந்துக்கல. தொட்டுப் பார்த்தேன், சில்லுனு கீது. கொஞ்சம் வந்துடும்மா" என்றாள். அவள் அழவில்லை. அழாமல் சொன்னதால்தான் எனக்கு உடனே புரிந்துவிட்டது. பால் பொங்கி வழிந்ததை அன்று மாலை வீடு திரும்பிய பிறகுதான் பார்த்தேன். அடுப்பை எப்போது அணைத்தேன் என்பது இன்றுவரை நினைவில்லை.

அபிராமபுரம் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் பார்த்துவிட்டுப் போயிருந்தார். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டதாம். உள்ளறையில் ஜெயந்தி படுத்திருந்தாள். கூடத்தில் அவள் அண்ணா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே டிவியில் வரிசை வரிசையாகச் சினிமா போஸ்டர்கள். அவர் எந்தப் படத்தையும் போடவில்லை. ரிமோட்டை அழுத்தி ஒவ்வொரு போஸ்டராகக் கடந்துகொண்டிருந்தார். வந்த உறவினர்கள் அதைப் பார்த்துச் சங்கடப்பட்டார்கள், ஆனால் அணைக்க யாருக்கும் கை வரவில்லை.

நம் கல்லூரி நூலகத்தில் அவளோடு வேலை பார்த்தவர்கள் பலர் வர முடியவில்லை. நாலு வரி எழுது என்று என்னிடம் கேட்டீர்கள். மரியாதைக்காக 'அவர்' என்று ஆரம்பித்துப் பார்த்தேன், யாரோ ஒருத்தியைப் பற்றி எழுதுவதுபோல் இருந்தது. அவள் என்றே எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்தது நம் அடையாறு கல்லூரி நூலகத்தில் முப்பது வருடம் புத்தகங்களுக்குக் கேட்டலாக் போட்ட ஜெயந்தி. ஓய்வு பெற்ற பிறகு அவள் செய்த வேலையை நானும் பவானியும்தான் பார்த்தோம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் உங்களுக்குத் தெரிந்த ஜெயந்தி. பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர் தான் எழுதிய புத்தகத்தை நூலகத்துக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டு, அதன் கேட்டலாக் கார்டில் தன் பெயருக்கு முன்னால் முனைவர் பட்டம் வர வேண்டும் என்று நின்றாரே, ஞாபகம் இருக்கிறதா? புத்தகத்தின் முகப்புப் பக்கத்தில் பட்டம் இல்லை. "முகப்புல என்ன அச்சாகியிருக்கோ அதுதான் சார் பேர். வாயால சொல்றதெல்லாம் பேராகாது" என்றாள். அவர் கல்லூரி முதல்வர்வரை போய்ப் பார்த்தார். கார்டு மாறவில்லை. பிடிவாதத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. நான் பயந்து நடுங்கிக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் நின்றிருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அவள் ஓய்வு பெற்ற அடுத்த வருடம் அண்ணாவுக்குப் பக்கவாதம் வந்தது. மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. ஜெயந்தி கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அண்ணனும் தங்கையுமாக அந்த வீட்டில் இருந்தார்கள். வலது கை போயிற்று, பேச்சு போயிற்று, அதோடு எழுத்தைப் படிக்கும் சக்தியும் போயிற்று. இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருந்த மனிதர், வெள்ளிக்கிழமை புதுப்படம் பார்க்காமல் இருந்ததில்லை. வீட்டில் இரண்டு அலமாரி நிறையச் சினிமா டிஸ்க் வைத்திருந்தார். இப்போது அவற்றின் முதுகில் எழுதியிருந்தது அவருக்குப் புரியவில்லை. ஒவ்வொன்றாக உருவிப் பார்ப்பார், தரையில் போடுவார், கடைசியில் அந்தக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்து அழுவார். பெரிய மனிதர் ஒருவர் குழந்தைபோல் அழுவதைப் பார்ப்பது கொடுமை. நான் சமையலறைக்குள் போய்விடுவேன். ஜெயந்தி போக மாட்டாள், பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குவாள்.

முகங்களும் படங்களும் அவருக்கு அடையாளம் தெரிகிறது என்று டாக்டர் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். மீடியா சர்வர் என்று ஒன்று இருப்பதை யாரிடமோ விசாரித்துத் தெரிந்துகொண்டு, ஒரு சின்னப் பெட்டியும் ஹார்ட் டிஸ்க்கும் வாங்கினாள். டிஸ்க்குகளிலிருந்த படங்களையெல்லாம் அதில் ஏற்றினாள். ஃபைலுக்கு நாம் வைக்கும் பெயரைப் பார்த்து, அந்த மென்பொருள் இணையத்தில் தேடி, இது இன்ன படம் என்று கண்டுபிடித்து, அதன் போஸ்டரைக் கொண்டுவந்து டிவியில் நிறுத்திவிடும். அண்ணா எதையும் படிக்க வேண்டாம். போஸ்டரைப் பார்த்து இடது கையால் ரிமோட்டை அழுத்தினால் போதும்.

பெயர் வைப்பதில்தான் சூட்சுமம். படத்தின் பெயர், ஓர் இடைவெளி, அடைப்புக்குறிக்குள் வெளிவந்த ஆண்டு. அதே பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் ஃபைல். இந்த விதி தெரியாமல் ஆரம்பத்தில் அவள் ஒரு பக்திப் படத்துக்கு 'அம்மன் புதுசு பார்ட் ஒன்று' என்று ஏதோ பெயர் வைத்துவிட்டாள். நவராத்திரிக்குச் சுண்டல் வாங்க வந்த கீழ்வீட்டு மாமி டிவியைப் பார்த்து அரண்டுபோனார். அம்மன் இருக்க வேண்டிய இடத்தில் வெளிநாட்டுப் பெண் ஒருத்தி வாயெல்லாம் ரத்தமாக நின்றிருந்தாள். "பேரைத் தப்பாப் போட்டா சாமியும் பேயாயிடும் மாமி, இருங்கோ, சரி பண்றேன்" என்றாள் ஜெயந்தி. அன்றிரவே எல்லாவற்றுக்கும் பெயர் மாற்றத் தொடங்கினாள். அவளுக்கு இது புது வேலையே இல்லை, மறுபடியும் கேட்டலாக் போட உட்கார்ந்துவிட்டாள். நீளமான நோட்டு ஒன்று போட்டு, ஒரு நாளைக்கு இருபது படம் என்று கணக்காகச் செய்தாள். வியாழக்கிழமைகளில் நான் போய் உட்கார்ந்து நோட்டைப் படிப்பேன், அவள் தட்டச்சு செய்வாள்.

அந்த வேலையில்தான் எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது. படம் வெளிவந்த ஆண்டை எங்கிருந்து எடுப்பது? அவளுக்கு அதில் சந்தேகமே கிடையாது. படம் தொடங்கும்முன் திரையில் தணிக்கைச் சான்றிதழ் காட்டுவார்கள் அல்லவா, அதில் உள்ள ஆண்டுதான் ஆண்டு. புத்தகத்துக்கு முகப்புப் பக்கம்போல் படத்துக்கு அது. கேட்டலாக் போட்டுப் பழகியவள்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும். பொங்கல் படத்துக்கு டிசம்பரிலேயே சான்றிதழ் வாங்கிவிடுவார்கள், தியேட்டருக்கு வருவதோ ஜனவரியில். ஓர் ஆண்டு பிசகிவிடும். பெரும்பாலும் மென்பொருள் அதைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் ஒரு படத்துக்கு, சான்றிதழில் இருந்த அதே ஆண்டில், அதே பெயரில், வேறு மொழியில் இன்னொரு படம் இருந்து தொலைத்தது. அதன் போஸ்டர் வந்து உட்கார்ந்துகொண்டது.

அது அண்ணாவுக்குக் கல்யாணமான புதிதில் மனைவியோடு பார்த்த படம். மூன்று நாள் அதைத் தேடினார். நான்காம் நாள் ரிமோட்டைச் சுவரில் எறிந்தார். ஆண்டை மாற்று என்றேன். சான்றிதழில் இருப்பதை மாற்ற அவள் யார் என்று கேட்டாள். எனக்கும் கோபம் வந்துவிட்டது. "நீ லைப்ரரிக்கு கேட்டலாக் போடல ஜெயந்தி. உங்கண்ணனுக்குப் படம் போடற" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான்கு நாள் அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை, எனக்கும் ரோஷம் உண்டு. ஐந்தாம் நாள் போன் செய்து, வாயேன் என்றாள். போனால், நோட்டில் பக்கம் பக்கமாகச் சிவப்பு மையில் அடித்திருந்தது. பொங்கல் படம் எல்லாவற்றுக்கும் ஆண்டை மாற்றியிருந்தாள். முப்பது வருடத்தில் ஒரு கார்டை மாற்றாதவள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்:

"அவனுக்குக் கிடைக்கணும்டி. என் ஞாயத்தை வெச்சுண்டு நான் என்ன பண்ணப்போறேன்?"

அன்று அந்தப் போஸ்டர் சரியாக வந்து நின்றது. அண்ணா அதைப் பார்த்து, இடது கையால் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ஜெயந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள். எனக்குத் தெரிந்து அவள் தோற்ற ஒரே வழக்கு அது. அவளை எனக்கு மிகவும் பிடித்த நாளும் அதுதான்.

அதன்பின் அவள் இன்னும் ஒரு படி போனாள். சில படங்களுக்கு இணையம் கொடுக்கும் போஸ்டர் சரியானதுதான், ஆனால் அண்ணாவின் மனதில் இருந்தது வேறு. அதனால் பழைய டிஸ்க் அட்டைகளை ஒவ்வொன்றாக போனில் படமெடுத்து, அவற்றையே போஸ்டராகப் போட்டாள். ஐந்நூற்றுச் சொச்சம் படங்கள். ஒவ்வொன்றையும் அண்ணாவிடம் காட்டி, அவர் தலையாட்டிய பிறகே அடுத்ததற்குப் போனாள்.

அதை நான் ஒரே மத்தியானத்தில் அழித்தேன்.

அவளுடைய பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பவானி திருவல்லிக்கேணி வீட்டைத் தன் மருமகளிடம் விட்டுவிட்டு, அண்ணாவோடு முழு நேரமும் தங்க ஒப்புக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு படம் திறக்கவில்லை என்றாள். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. மொத்தப் பட்டியலையும் நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சேர்த்தேன். ஜெயந்தி தேர்ந்தெடுத்து வைத்திருந்த போஸ்டர்கள் அத்தனையும் போய், இணையத்துக்குப் பிடித்த போஸ்டர்கள் வந்து நின்றன. அண்ணா ரிமோட்டை அழுத்தித் திரையில் மேலே போனார், கீழே வந்தார், மறுபடி மேலே போனார். பிறகு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே என்னிடம் வந்து, ரிமோட்டை என் மடியில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அவள் செத்த அன்று நான் அப்படி அழவில்லை. அவளுடைய உழைப்பை என் கையாலேயே துடைத்துவிட்டேனே என்று வாய்விட்டு அழுதேன்.

பவானிதான் என்னை எழுப்பினாள். அட்டைகளின் படங்கள் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாகத்தான் இருந்தன. எது எந்தப் படத்துக்கு என்பதை நோட்டைப் பார்த்து நான் கண்டுபிடிப்பதற்குள், பவானி சொல்லிவிடுவாள். அவளுக்கும் படிக்கத் தெரியாது, ஆறு வருடம் அண்ணாவோடு உட்கார்ந்து பார்த்தே மனப்பாடம். இது இல்லை, மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு நிற்பாளே அது, ரயில் வருமே அது என்று அடுக்கினாள். இரண்டு வாரம் மத்தியானங்களில் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்ப வைத்தோம். அண்ணா பக்கத்தில் இருந்து தலையாட்டினார்.

ஆனால் எல்லாம் சரியான பிறகும் அவர் படம் பார்க்கவில்லை. முதல் போஸ்டரிலிருந்து கடைசிவரை போவார், கடைசியில் கொஞ்ச நேரம் நிற்பார், மறுபடி முதலிலிருந்து. எதையோ தப்பாக வைத்துவிட்டோம் என்று நான் நோட்டைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். நான்காம் நாள் பவானி என் கையிலிருந்து நோட்டை வாங்கி மூடினாள்.

"சார் படம் தேடல விஜிம்மா. அக்காவத் தேடிக்கினு கீறாரு."

அவருக்கு வேண்டியதெல்லாம் இதுவரை அந்தத் திரையில்தான் கிடைத்தது. எல்லாவற்றுக்கும் பெயர் வைத்து அங்கே கொண்டுவந்து நிறுத்திய ஜெயந்தி, தன்னை மட்டும் எங்கும் வைக்கவில்லை. என் போனைத் துழாவினேன். போன ஆவணியில் எடுத்த வீடியோ ஒன்று இருந்தது, ஒரு நிமிடம்கூட இருக்காது. அதை ஏற்றி, 'ஜெயந்தி' என்று பெயர் வைத்தேன். மென்பொருள் தன் புத்தியைக் காட்டிற்று, முன்பின் தெரியாத நடிகை ஒருத்தியின் போஸ்டரைக் கொண்டுவந்தது. அண்ணா அவளைக் கடந்து போய்விட்டார். இது இன்ன படம் என்று அது போட்ட அடையாளத்தை நீக்கிவிட்டு, வீடியோவிலிருந்தே ஜெயந்தியின் முகத்தை எடுத்துப் போஸ்டராக வைத்தேன். மறுநாள் அவர் அங்கே வந்ததும் விரல் நின்றது. எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தார். பிறகு அழுத்தினார்.

வீடியோவில் ஜெயந்தி சமையலறை வாசலில் வாழைக்காயும் கத்தியுமாக நிற்கிறாள். "போறும் விஜி, என்னை எதுக்கு எடுக்கறே? அவனை எடு" என்கிறாள். அவள் கை நீண்டு வந்து போனைத் திருப்பிவிடுகிறது. அவள் தெரிவது அவ்வளவுதான், ஆறு விநாடி. மீதி முழுக்க அடை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் அண்ணாதான். அவள் குரல் மட்டும் எங்கிருந்தோ கேட்கிறது: "அண்ணா, இங்க பாரு."

டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்த அண்ணா, அந்தக் குரல் வந்ததும் டிவியை விட்டுவிட்டுச் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

இப்போது தினமும் அதைப் போடுகிறார். பிறகு வேறு படமும் பார்க்கிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார். வியாழக்கிழமைகளில் நான் போகிறேன். ஜெயந்தியின் நோட்டு என்னிடம் இருக்கிறது, உங்களில் யாருக்காவது வேண்டுமானால் பார்க்கத் தருவேன். ஆனால் அவளிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தக் குரல்தான். அது கேட்கும்போது அண்ணா சமையலறைப் பக்கம் திரும்புகிறார். அங்கே யாருமில்லை என்று தெரிந்த நானும் ஒவ்வொரு முறையும் அவரோடு சேர்ந்து திரும்பிப் பார்க்கிறேன்.