பொட்டு வைத்த பாடங்கள்

முதல் நாள் வகுப்பில் என் மகள் தர்மிளாவிடம் மட்டும் கொம்பஸ் பெட்டி இல்லை. ஸுபைதா டீச்சர் ஏன் என்று கேட்கவில்லை. போகும்போது தன் பெட்டியை அவள் மேசையிலேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறினார். அடுத்த சனிக்கிழமை மகள் திருப்பிக் கொடுத்தாள். அன்றும் மறந்துவிட்டுப் போனார். அந்த வருடம் முழுக்க மறந்துகொண்டே இருந்தார்.

ஸித்தி ஸுபைதா டீச்சர் பதுளை டவுன் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். நமுனுகுலப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளியில் கணக்குக்கு ஆளே கிடையாது. பதினோராம் வகுப்பு ஓ.எல். சோதனையில் கணக்குப் பாஸ் இல்லாத பிள்ளை மேலே படிக்க முடியாது. கொழுந்து பறிக்கவோ, கொழும்பில் வீட்டு வேலைக்கோ போக வேண்டியதுதான். அதற்காகவே, யாரும் கூப்பிடாமல், அந்த மனுஷி சனிக்கிழமைகளில் மலையேறி வந்தார்.

இரண்டாயிரத்து ஐந்தில் அவருக்கு மூட்டு வலி வந்து நடை நின்றது. அதே வருடம்தான் பள்ளிக்குக் கம்பியூட்டர் வந்தது. டீச்சர் வீட்டுச் சுவரில் பலகை மாட்டி, தம்பி மகன் அஸ்ஹரை வைத்துப் பாடங்களைப் படம்பிடித்து, சீடியாக்கிப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார். பிள்ளைகள் போட்டுப் பார்க்க வேண்டும். விளங்காததைக் கடை போனில் அவரிடம் கேட்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

சரஸ்வதி பூசை வந்தது. எங்கள் பள்ளி அதிபர் பெரிய சார் கம்பியூட்டர்களுக்குச் சந்தனம் பூசி, பொட்டு வைத்து, மாலை போட்டார். சீடிகளையும் தட்டில் அடுக்கினார். பூசையில் வைத்ததை விஜயதசமி வரைக்கும் தொடக்கூடாது, அது எங்கள் வழக்கம். விஜயதசமியும் போனது. கம்பியூட்டர் அறை மட்டும் திறக்கவில்லை.

"எண்ணெய்க் கையோட தொடுவானுங்க. ஒடஞ்சா யாரு பதில் சொல்றது?" என்றார் பெரிய சார். "நீ தினம் பூவ மாத்து, போதும்."

பள்ளியைக் கூட்டுகிறவள் நான்தான், மாற்றினேன். சாமி கும்பிடாமல் தண்ணீர்கூடக் குடிக்காதவள் நான். ஆனால் சாமி பேரில் பூட்டுப் போட்டால் அது பக்தியா? புதிதாய் வந்த சீடியெல்லாம் நேராகத் தட்டுக்குப் போனது. பொறுக்க முடியாமல் கடைக்குப் போய் டீச்சருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

காலை இழுத்துக்கொண்டு வந்தார். அன்று பார்த்துக் கல்வி அதிகாரிகள் வந்திருந்தார்கள். அவர்களுக்காகத் திறந்த அறையில், கம்பியூட்டர் முன்னால் பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். "நல்ல ஒழுக்கம்" என்று சொல்லி ஒரு அதிகாரி பெட்டிஸ் பலகாரத்தைக் கடித்தார். டீச்சர் தட்டிலிருந்து ஒரு சீடியை எடுத்தார். உறைகூடப் பிரிக்கவில்லை, மேலே குங்குமம்.

"மரியாதையாத்தானே வெச்சிருக்கோம் டீச்சர்!" என்றார் பெரிய சார்.

"தொண்டை வரளப் பேசினதுக்கெல்லாம் பொட்டு வெச்சிருக்கீங்க ஸேர். கேட்டது யாரு?"

அந்த அதிகாரி சிரித்தார். சிரித்துவிட்டு இன்னொரு பெட்டிஸ் எடுத்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் வாயில் கசக்கிறது.

டீச்சர் எல்லாச் சீடியையும் முந்தானையில் அள்ளிக்கொண்டு வீரய்யா கங்காணி வீட்டுக்குப் போனார். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் சீடி போட்டுப் படம் பார்க்கும் டிவி அங்கேதான். பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

"பாட்டும் இல்ல, சண்டையும் இல்ல. என்னா படம்டி இது?" என்று வீரய்யா என்னிடம் முனகினார். ஆனாலும் டிவியை நிறுத்தவில்லை.

காலம் போதவில்லை. சோதனை வந்துவிட்டது. கணக்கில் ஒரு பிள்ளைகூடப் பாஸாகவில்லை. என் மகளும்தான். பெரிய சார் கம்பியூட்டருக்குப் புது உறை தைத்துப் போட்டார்.

அதிகாரிகள் டீச்சரைத் தூரத்து மொனராகலைப் பள்ளிக்கு மாற்றினார்கள். சொல்லிவிட்டுப் போக வந்தவரிடம், பஸ் நிற்கும் இடத்தில் தர்மிளா இரண்டு கையாலும் கொம்பஸ் பெட்டியை நீட்டினாள். டீச்சர் அதை அவள் பக்கமே தள்ளினார்.

"இந்த முறை மறந்திட்டுப் போகல்ல மகள், தந்திட்டுப் போறேன். டிசம்பர்ல திரும்ப எழுதுங்க. அந்த அறைக்கு வெளியில நின்டு கும்பிட மட்டும் வேணாம்."