ஆறாவது கவ்வியம்

என் தம்பி பஞ்சலிங்கம் அரசாங்கத்தில் அம்மைப்பால் குத்துகிறவன். யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் எங்கள் குடும்பத்தின் முதல் உத்தியோகம் அவனுடையது. நான் ஐந்தாம் வகுப்போடு புகையிலைத் தோட்டத்துக்குப் போனவன்.

1936 மாசியில் பக்கத்து வளவுப் பிள்ளைக்கு அம்மாள் வருத்தம் கண்டது. பெரியம்மையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அந்தப் பிள்ளையோடு முதல்நாள் வரை விளையாடியவள் அடுத்த வீட்டுச் சிவக்கொழுந்தின் ஒரே மகள் கனகாம்பிகை, ஆறு வயது. உடனே குத்தினால் தப்பலாம் என்றான் தம்பி. நானும் கூடப் போனேன்.

சிவக்கொழுந்து வாசல் படலையிலேயே மறித்தாள்.

“உந்த மருந்துக்கு இங்கிலீசிலை வக்சீன் எண்டு பேராம். அது மாட்டின்ரை பேராம். சோமசேகரம் வாத்தியார் சொன்னவர். மச்சம் மாமிசம் தொடாத வீடு இது. என்ரை பிள்ளையின்ரை கையிலை மாட்டை ஏத்தவோ வந்தனீர்?”

இல்லை என்று ஒரு சொல் போதும். தம்பி சொல்லவில்லை.

“வாத்தியார் சொன்னது சரி அக்கா. லத்தீனிலை ‘வக்கா’ எண்டால் பசு. சீமையிலை பால் கறக்கிற பெண்டுகளுக்குப் பசுவின்ரை மடியிலை இருந்து கொப்புளம் தொத்தினது. தொத்தின ஆக்களை அம்மாள் வருத்தம் தொடேல்லை. அதைப் பாத்துத்தான் ஒரு வைத்தியர் இதைத் துவங்கினவர். அதாலைதான் அந்தப் பேர். இண்டைக்கும் கன்றின்ரை தோலிலை வளத்துத்தான் எடுக்கினம்.”

“கெடுத்தாய்!” என்று அவன் காதில் முணுமுணுத்தேன்.

சிவக்கொழுந்து தன் கைகளைப் பார்த்தாள். தினமும் இரண்டு பசு கறக்கிற கைகள்.

“பால், தயிர், நெய், கோசலம், சாணம். அஞ்சையும் கலந்து பஞ்சகவ்வியமெண்டு ஐயர் தந்தால் தீட்டுப் போகக் குடிக்கிறம். உது ஆறாவது. குத்தும்.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “உம்மடை தம்பிக்குப் பொய் சொல்லத் தெரியாதோ?”

“தெரிஞ்சால் கோட்டிலை வாதாடுற பிரக்கிராசியாய் வந்திருப்பான்,” என்றேன்.

திரும்பி வரும்போது, ஏன் இல்லை என்று சொல்லவில்லை எனத் தம்பியிடம் கேட்டேன். “அண்ணை, பொய் சொல்லிக் குத்தினால், உண்மை தெரிஞ்ச உடனை குத்தின இடத்தைத் தேசிக்காய்ப் புளியாலை தேய்ச்சுத் தலையிலை வாத்துப்போடுவினம். அம்மைப்பால் பிடியாது,” என்றான். அப்படிப் பிடிக்காமல் போன வீடுகள் அவனுக்குத் தெரியும். இவளும் தேய்த்துவிடுவாளோ என்ற பயம் அவனுக்கும் இருந்தது.

எட்டாம் நாள் பார்க்கப் போனோம். கனகாம்பிகை கையை நீட்டினாள். சிவந்த வட்டத்துக்கு நடுவே இரண்டு கொப்புளங்கள், முத்துப்போல. தம்பி மூச்சை விட்டு, தன் புத்தகத்தில் “பிடித்தது” என்று எழுதினான். அம்மாள் வருத்தம் பிறகும் அவளைத் தொடவில்லை.

“எட்டு நாளாய்த் தண்ணி படவிடேல்லை. பிள்ளை மணக்குது,” என்றாள் சிவக்கொழுந்து. “இனி எண்டாலும் தோய வாக்கலாமோ, தம்பி?”