தழையைக் காப்பாற்றிய வெற்றிலைக்காரன்

வாடிப்போன வெற்றிலையைக்கூட எழுப்பி உட்கார வைத்துவிடுவான் அல்லா பிச்சை என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைவீதியில் ஒரு பேச்சு உண்டு. அந்த அல்லா பிச்சை நான்தான்; பேச்சைக் கிளப்பிவிட்டவனும் நானேதான்.

கடை என் அத்தா விட்டுப்போனது. வெற்றிலைக் கவுளிகளை வாழைச் சருகில் கட்டி, இருட்டு மூலையில் அடுக்கி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, புரட்டிப் போட்டு, அழுகலைப் பொறுக்கி எறிய வேண்டும். அவ்வளவுதான் நம்ம வித்தை. இதைத் தவிர எனக்கு ஒரு வேலையும் வராது. ஒரு தடவை கருவாட்டு வியாபாரம் செய்தேன், தெருப்பூனைகள் கொழுத்தன. ஒரு மாடு வாங்கினேன்; இரண்டு எட்டு தூரத்துக்குள் அது என்னை அண்டவே விடவில்லை. ஆனால் வாயை மட்டும் கேட்டால், எனக்குத் தெரியாத தொழிலே கிடையாது.

விக்டோரியா மகாராணி காலமானதைத் தமுக்கடித்துச் சொன்ன வருஷம், ராஜபாளையத்தில் கட்டிக்கொடுத்த என் மகள் அசீனா மசக்கையோடு வீட்டுக்கு வந்தாள். தலைப்பிள்ளை. கஞ்சி, பால், ரசம், எது உள்ளே போனாலும் போன வழியே திரும்பி வந்தது. கைவளையல் முழங்கை வரை ஓடியது. மருத்துவச்சி முத்தாத்தாள் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வயித்துல ஏதாவது தங்கணும். இல்லன்னா பிள்ளையும் தங்காது, பிள்ளையச் சுமக்குறவளும் தங்க மாட்டா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு நான் கடை திறக்கவில்லை.

மறுநாள் கடை திறந்ததும், பெரியகுளத்துக்கு வண்டி ஓட்டும் பால்ச்சாமி, வெற்றிலை வாங்க வந்தவன், என் கடைப் பலகையில் ஒரு கிழங்கை வைத்தான். பழுத்த பப்பாளி நிறம், முள்ளங்கி உருவம். கொடைக்கானல் மலையில் வெள்ளைக்காரர்கள் போடுவதாம், பெயர் காரட்டாம். வேடிக்கை காட்டலாமே என்று வீட்டுக்குக் கொண்டுபோனேன். அசீனா அதை மோந்து பார்த்தாள், முந்தானையில் துடைத்தாள், பச்சையாகவே கடித்தாள். நானும் என் வீட்டுக்காரி மெகராஜும் வாந்தி பிடிக்கச் சட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். ஒன்றும் திரும்பி வரவில்லை.

அடுத்த நடையில் பால்ச்சாமி ஒரு பெரிய கட்டாகவே கொண்டுவந்தான்.

"மலையில மழை புடிச்சிட்டு மொதலாளி. பாதை தெறந்தாத்தான் இனி அடுத்த கட்டு. பக்குவமா வச்சுத் திங்கச் சொல்லுங்க."

"யாருகிட்டலே பக்குவம் சொல்லுத? அல்லா பிச்சைகிட்டயா?"

வீட்டுக்கு வந்து கட்டைப் பிரித்தேன். வண்டியில் நசுங்கித் தழை ஒடிந்தவை கொஞ்சம் இருந்தன. காம்பு ஒடிந்த வெற்றிலையை எவனாவது கவுளியில் சேர்ப்பானா? அவற்றைத் தண்ணீர்ப்பானை மூலையில் எறிந்து, ஆட்டுக்குப் போடும்படி மெகராஜிடம் சொன்னேன். நல்ல தழையோடு இருந்தவற்றைக் கழுவி, சருகில் சுற்றி, இருட்டில் வைத்து, பெற்ற பிள்ளையைப்போலப் பார்த்துக்கொண்டேன். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். ஒரு பழுப்பு கண்ணில் பட்டால் கிள்ளினேன்.

தழை தளதளவென்று நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்துக் கடை சேக் முகைதீனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன்.

"தழையப் பாரும் வே! மலையில நிக்கும்போதுகூட இம்புட்டுப் பச்சையா இருந்திருக்காது."

"கெழங்கு எப்படி இருக்கு?"

"தழையே இப்படின்னா கெழங்கு எப்படி இருக்கும்? நீரே யோசியும்!"

அவர் யோசித்தபடியே போனார். நானும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

முதல் நாள் தின்றது வயிற்றில் தங்கியது. இரண்டொரு நாள் கழித்து அசீனா இன்னொன்றை எடுத்துக் கடித்தாள். அது ஒடியவில்லை. வளைந்தது. பல்லால் இழுத்து மென்று விழுங்கினாள். செத்த நேரத்தில் குடலே வெளியே வருகிற மாதிரி ஓங்கரித்தாள். சுருண்டு படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. நான் கட்டை அவிழ்த்தேன். ஒன்று விடாமல் எல்லாம் திரிபோல் துவண்டு கிடந்தன. அவற்றின் தலையில் தழை மட்டும் கல்யாண மாப்பிள்ளையாட்டம் நின்றது.

மெகராஜ் பார்த்தாள். "ஏங்க, எம் மக தழையவா திங்கா?" என்று கேட்டாள். முப்பது வருஷத்தில் அவள் என்னை எவ்வளவோ கேட்டிருக்கிறாள். அதில் ஒன்றும் இப்படி உறைத்ததில்லை.

அப்புறம்தான் புத்திக்கு எட்டியது. வெற்றிலையைக் கிள்ளியபின் அதற்கு இலை மட்டும்தான் சொத்து. இங்கே சொத்து கிழங்கு. தழை அதன் சாற்றைக் குடித்துக் குடித்துத்தான் பச்சையாக நின்றிருக்கிறது. நானும் தண்ணீர் தெளித்து அதற்கு உபசாரம் செய்திருக்கிறேன். பிள்ளைக்கு ஆகாரம் தேடிவந்து, கண்ணெதிரே அதைத் தழைக்குத் தின்னக் கொடுத்த தகப்பன் இந்தத் தாலுகாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அன்றைக்கு அழுதேன். அதில் வெட்கம் என்ன.

சாயங்காலம் மெகராஜ் கசியும் பானையை மாற்ற மூலைக்குப் போனாள். பானைக்கு அடியில் ஆற்றுமணல் பரப்பியிருப்போம். ஆட்டுக்குப் போட மறந்துபோய், காலில் இடறுகிறதென்று அவள் மணலுக்குள் தள்ளிவிட்ட அந்தத் தலையில்லாத கிழங்குகள் அங்கே கிடந்தன. ஒன்றை எடுத்து ஒடித்தாள். 'டக்'கென்று சத்தம் வந்தது.

"நாந்தான் அங்க போட்டேன்" என்றேன். அவள் பார்த்த பார்வையில் மிச்சப் பெருமையை விழுங்கிக்கொண்டேன்.

கழுவித் துடைத்து, தட்டில் வைத்து அசீனாவிடம் கொண்டுபோனேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"வேண்டாம்த்தா. நீங்க வச்சதுதானே? இதுவும் அப்படித்தான் இருக்கும். எனக்குப் பயமா இருக்கு."

"ஏட்டி, இது அது இல்ல. கல்லு மாதிரி இருக்கு. பாரு, நானே கடிச்சுக் காட்டுதேன்."

கடித்தேன். பத்து வயசிலிருந்து கடை வெற்றிலையை நானே மென்று தீர்த்ததில் என் முன்பல் ஆட்டம் கண்டிருந்தது. கிழங்கு நன்றாகத்தான் இருந்தது. பல்தான் அதிலேயே தங்கிவிட்டது. வலியில் என்ன கத்தினேனோ, அசீனா திடுக்கிட்டுத் திரும்பினாள். என் வாயைப் பார்த்தாள், கிழங்கில் குத்திட்டு நின்ற பல்லைப் பார்த்தாள். முதலில் உதடு துடித்தது. பிறகு சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மூச்சு வாங்கச் சிரித்தாள். மாதக்கணக்காக அந்தச் சிரிப்பை நாங்கள் கேட்கவில்லை.

தட்டிலிருந்து வேறொன்றை எடுத்து அவளாகவே கடித்தாள். நறுக் நறுக்கென்று மென்றாள். சட்டியை எடுத்த மெகராஜ் அப்படியே நின்றாள். கிழங்கு முழுசாகத் தீர்ந்தது.

"ம்மா, சோறு இருக்கா?" என்றாள் அசீனா. "பசிக்கு."

மெகராஜ் சட்டியைப் போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினாள். என் வாயில் வழிந்த ரத்தத்தைத் துடைக்க யாருக்கும் நேரமில்லை. எனக்கும் தோன்றவில்லை. மகள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.