விமானத்துக்குக் கண்ணாடி ஒட்டிய நாள்

அறுபதுகளின் நடுவில், சிதம்பரத்தில் நாங்கள் வாடகை வீட்டில் இருந்தபோது நடந்தது இது. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அப்போதுதான் முதன்முதலாக நான் உண்டாகியிருந்தேன். ஐந்தாம் மாதம்.

என் கணவர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். சிங்கப்பூரில் வேலை பார்த்த என் தம்பி லீவில் வந்தபோது, மச்சானுக்குப் பிடிக்குமே என்று ஒரு விமானப் பெட்டி கொண்டுவந்தான். மெல்லிய கட்டைத் துண்டுகளை ஒட்டி நாமே செய்துகொள்ள வேண்டும். பொம்மை என்று சொன்னால் இவருக்குக் கோபம் வந்துவிடும். கையில் இருக்கும் பெட்டியில் பொத்தானை அமுக்கினால், ரேடியோ அலையிலேயே அது வானத்தில் திரும்புமாம். புவனகிரிக்குப் போய் வெள்ளாற்று மணலில் பறக்கவிட இருவரும் திட்டம் போட்டிருந்தார்கள்.

எல்லாம் முடிந்து, விமானி உட்காரும் இடத்துக்கு மேலே கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் மூடியை ஒட்டுவது மட்டும் பாக்கி. கேனபி என்றான் தம்பி. இருந்தது ஒன்றே ஒன்று. பசை மேலே பட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும் என்று பயமுறுத்தி வைத்திருந்தான்.

"நீதான் ஜாக்கெட்டெல்லாம் தைக்கிறவளாச்சே, வந்து புடி" என்று இவர் என்னைக் கூப்பிட்டார்.

ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி, விமானத்தின் வளைவுக்குச் சரியாக உட்காரும்வரை வைத்து வைத்துப் பார்த்தேன். மெல்லிசாகப் பசை தடவி ஒரு பக்கம் குண்டூசி குத்தி நிறுத்தினேன். மறுபக்கம் இன்னும் திறந்திருந்தது. துணி தைக்கும் பழக்கத்தில் மிச்ச நான்கு ஊசிகளை உதட்டில் கவ்வியபடி அதன்மேல் குனிந்திருந்தேன்.

"அக்கா, மச்சானையே சின்னதாக்கி உள்ள உக்கார வச்சிடலாமா? தொந்திதான் இடிக்கும்" என்றான் தம்பி.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்பு இருமலாகிப் புரையேறியது. ஊசிகளைக் கையில் துப்பிப் பார்த்தால் நான்கில் ஒன்று இல்லை. தொண்டையில் சுருக்கென்றது.

பாயை உதறினோம். புடவையை உதறினோம். இவர் பழைய ஸ்பீக்கரின் காந்தத்தை எடுத்துவந்து தரை முழுக்கத் தடவினார். கிடைக்கவில்லை. முழுங்கிவிட்டேன் என்று எல்லோருக்கும் முடிவாகிவிட்டது.

உடனே தம்பியை வீட்டில் விட்டுவிட்டு, நானும் இவரும் பஸ் பிடித்துக் கடலூருக்குப் போனோம். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எக்ஸ்ரே எடுத்தா தெரிஞ்சிடும்மா. ஆனா புள்ள வயித்துல இருக்கறப்ப எடுக்க எனக்கு மனசு வரல. முக்காவாசி ஊசி தானாவே வெளிய போயிடும். வலியோ ரத்தமோ வந்தா மட்டும் ஒரு நிமிஷம் தாமசிக்காம வந்துடுங்க."

திரும்பி வரும்போது பஸ் குலுங்கிய ஒவ்வொரு தடவையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் உள்ளே ஏதோ அசைந்தது. மீன் துள்ளுவது போல லேசாக. எத்தனை வருஷம் ஏங்கிக் காத்திருந்த அசைவு! ஆனால் அது பிள்ளையா, ஊசியா என்று தெரியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவரிடம் சொல்லவில்லை. இவரோ கடையைத் திறக்காமல், துஆ ஓதிக்கொண்டே என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. தம்பி கண்ணில் படாமலே ஒதுங்கி ஒதுங்கி நடந்தான்.

மூன்றாம் நாள் மதியம் இவருக்கு என்ன தோன்றியதோ, விடுவிடுவென்று போய் அலமாரி மேல் இருந்த விமானத்தை இழுத்தார்.

"இந்த எழவு இனிமே ஊட்டுல இருக்கக் கூடாது!"

உடைக்கத் தூக்கியவரின் கையைத் தம்பி பிடித்தான். இழுபறியில் விமானம் தலைகீழாகத் திரும்பியது. உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம்.

"இருங்க மச்சான்... உள்ள ஏதோ ஓடுது."

ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்தான். விமானியின் இருக்கைக்கு அடியிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்து, அந்தத் தெளிவான பிளாஸ்டிக்கின் உட்புறத்தில் பளபளவென்று நின்றது குண்டூசி.

தம்பிக்குப் பேச்சு தடுமாறியது. "பசை காஞ்சிடப் போவுதேன்னு, நீங்க கெளம்பினப்புறம் நாந்தாங்க்கா மறுபக்கத்த அமுக்கி ரப்பர் பேண்டு போட்டேன். உள்ள பாக்கவே இல்ல."

நான் இருமியபோது திறந்திருந்த பக்கமாக விழுந்திருக்கிறது. வீடு முழுக்கத் தேடிய நாங்கள் அதற்குள் மட்டும் தேடவில்லை.

இவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்றபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். குழந்தை மாதிரி அழுதார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்போது வயிற்றுக்குள் மறுபடி அந்தத் துள்ளல். இந்தத் தடவை சந்தேகம் இல்லை. அவர் கையை எடுத்து வயிற்றில் வைத்தேன்.

"என்னது?" என்றார்.

"உங்க புள்ளதாங்க."

கேனபியைப் பிரித்து ஊசியை எடுத்து, நானேதான் மறுபடி ஒட்டினேன். சிரித்துக்கொண்டே ஒட்டியதில் பசை வழிந்து ஓரமெல்லாம் வெள்ளைத் திட்டு. யாரும் கவலைப்படவில்லை. வெள்ளாற்றங்கரையில் இரண்டு சுற்றுப் பறந்துவிட்டு, பொத்தான் பேச்சைக் கேட்காமல் பனைமரத்தில் போய் மோதியது. அதற்கும் சிரித்தோம்.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். இப்போது அவளுக்கே பேரப்பிள்ளைகள். அதற்குப் பிறகு எத்தனையோ நல்லது கெட்டது பார்த்துவிட்டேன். ஆனாலும் நெஞ்சை அழுத்திய ஒரு பயம் பொய்யென்று தெரிகிற அந்த நிமிஷத்தைவிடப் பெரிய சந்தோஷம் எதுவும் எனக்கு வாய்த்ததாக நினைவில்லை.