உட்கார்ந்தால் சரியாகிவிடும் கால்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடம் அவர் கைபட்டுத்தான் ஏறி இறங்குகிறது. நாங்கள் நாலாவது மாடியில் குடியிருக்கும் கட்டடத்துக்கு மட்டும் லிஃப்ட் கிடையாது. "வீட்லயும் அதையே பார்த்துட்டு இருக்கணுமா?" என்று சிரிப்பார்.

போன வருடம் அவருக்குக் கால் மரத்துப்போக ஆரம்பித்தது. ரெண்டு மாடி ஏறினால் துவண்டுவிடும். படியிலேயே உட்காருவார். பத்து நிமிடத்தில் எழுந்து ஒன்றும் நடக்காததுபோல் நடப்பார். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, முதுகில் ஜவ்வு விலகியிருக்கிறது, நிறைய நடக்கட்டும் என்றார் டாக்டர். எனக்கு அது போதாதா? காலையில் நாலு தடவை, மாலையில் நாலு தடவை மாடி ஏற்றினேன்.

"முடியலடி. கொஞ்சம் உட்கார்ந்தா சரியாயிடும்."

"உட்கார்ந்தா யாருக்குத்தான் சரியாகாது? சாக்கு சொல்லாம ஏறுங்க, சோம்பேறி!"

என் வாய்க்குப் பயந்து எட்டு மாதம் ஏறினார். ஒருநாள் காலை சிறுநீர் அடைத்துக்கொண்டது. பாத்ரூமிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில், தண்டுவடத்தில் வீக்கம் என்று ஸ்டீராய்டு ஏற்றினார்கள். மதியம் மருந்து ஏறியது. சாயங்காலம் கால் கட்டைவிரல்கூட அசையவில்லை. "நடந்து வந்த மனுஷனைப் படுக்க வச்சிட்டீங்களே!" என்று வார்டே அதிரக் கத்தினேன். அதைக் கேட்டு ஒரு டாக்டரம்மா வந்தார்.

"இதுக்கு முன்னாடி எப்படி இருந்தார்?"

ஆத்திரத்தில் வீட்டுக்காரர்மேலும் புகார் கொட்டினேன். "மாடி ஏறச் சொன்னா விழுவார். உட்கார்ந்தா உடனே சரியாயிடும். அவ்வளவு சோம்பேறித்தனம்!"

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "உட்கார்ந்தா சரியாயிடுமா?"

பழைய ஸ்கேன் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். தண்டுவடத்தின் பின்னால் எறும்பு ஊர்ந்ததுபோல் கறுப்புப் புள்ளிகள். அத்தனை மாதமும் அவை அங்கேதான் இருந்திருக்கின்றன.

"இதயத்துலேருந்து வேகமா வர்ற ரத்தக்குழாய் ஒண்ணு, இதயத்துக்குத் திரும்பப் போற குழாயோட நேரா ஒட்டிக்கிச்சும்மா. அந்த அழுத்தத்துலதான் இந்தப் புள்ளியா தெரியற குழாயெல்லாம் புடைச்சு, தண்டுவடம் வீங்குது. மத்தியானம் ஏத்தின ஸ்டீராய்டும் அதைக் கூட்டிடுச்சு. நடந்தா அழுத்தம் ஏறும். மாடி ஏறினா இன்னும் ஏறும்."

தினம் எட்டுத் தடவை. அவர் பொய்யே சொல்லவில்லை. நான்தான் பாவி.

மறுநாள் தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு, சாயம் செலுத்தி, அந்த இணைப்பைத் தேடினார்கள். மூன்று மணி நேரம் கழித்துக் கிடைத்தது. அதே குழாய் வழியாகவே பசை செலுத்தி அடைத்தார்கள். "இனிமே மோசமாகாதுன்னு நம்பலாம். போனது எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா.

ஆறாவது வாரம் நடை பழகும் கம்பிகளுக்கு நடுவே அவரை நிறுத்தினார்கள். பயிற்சி கொடுக்கும் பெண், "இப்ப நடக்கலாம், பயமில்லை, நீங்களும் சொல்லுங்கம்மா" என்றாள். நட என்ற வார்த்தையை எந்த வாயால் சொல்வேன்?

அவர் கம்பியைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். முட்டி நடுங்கிக்கொண்டிருந்தது.

"என்னடி, வாயடைச்சுப் போச்சா? திட்டு. நீ திட்டாம நான் எந்தப் படி ஏறியிருக்கேன்?"

"நடங்க... சோம்பேறி" என்றேன், அழுதுகொண்டே.

வலது கால் ஒரு அடி போனது. இடது கால் வரவில்லை. அவர் குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் உட்காரட்டுமா?" என்று என்னிடம் அனுமதி கேட்டார்.