நாய்க்காரர்களின் செவ்வாய்க்கிழமை

குரிண்டியில் வெர்ன் ட்ரெகியரைத் தெரியாது என்று யாராவது சொன்னால், அந்த ஆள் நேற்றுதான் பஸ்ஸில் வந்து இறங்கியிருக்க வேண்டும். பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். அதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. நூறு கிலோமீட்டர் சுற்றளவில் எந்தச் சாலையைத் தோண்டிப் பார்த்தாலும், அடியில் இருப்பது அவர் கிரேடர் வண்டி சமன் செய்த மண்தான். ஊரில் நாய்ப்பந்தய ஓடுதளத்தைப் போட்டவரும் அவரே. எஞ்சினியர் கிடையாது, வரைபடம் கிடையாது. நடுவில் ஒரு முளை, அதில் ஒரு கயிறு, அப்புறம் அவருடைய கண். பதினொரு ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்தார். முப்பத்தெட்டு வருடம் அதில் நாய்கள் ஓடின.

அது மூடப்பட்டு நாலு வருடமாகிறது. நிலத்துக்காரர்கள் குத்தகையைப் புதுப்பிக்கவில்லை. இன்று அங்கே பெரிய இரும்புச் சாமான் கடை நிற்கிறது. ஆணி வாங்கப் போனால் வெர்னுக்குத் தெரியும், திருகாணி அடுக்கு இருக்கிற இடம் முதல் திருப்பம், பெயிண்ட் டப்பாக்கள் இருக்கிற இடம் கடைசித் திருப்பம். கடைப் பையன்களிடம் சொல்லிப் பார்த்தார். அவர்கள் சிரித்துவிட்டு வேறு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு சொல்வதில்லை.

ஊரில் தளம் இல்லாததால் செவ்வாய்க்கிழமை தோறும் பந்தயம் நடக்கிற டாலிமோர் ஊருக்கு வண்டி ஓட்ட வேண்டியிருந்தது. போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம், வழியெல்லாம் கங்காரு. எழுபத்து நாலு வயதில் இடுப்பு எலும்பு வண்டியை விட்டு இறங்குவதற்கே பத்து நிமிடம் கேட்டது. இருந்த ஒரே நாய் மேபல். சாம்பல் நிறம், இரண்டரை வயது, இன்னும் இரண்டு வருடம் ஓடுகிற கால்கள். பயிற்றுநர் லைசென்ஸைப் புதுப்பிக்கும் படிவம் வண்டியின் முன் பெட்டியில் மடித்துக் கிடந்தது. ஜூன் முப்பது கடைசி நாள். ஊருக்கு வெளியே பழைய மாட்டுச் சந்தை நிலத்தை நகரமன்றம் நாய்ப்பந்தயக் கிளப்புக்குக் கொடுத்தால் கையெழுத்துப் போடுவது. இல்லையென்றால் கிளப்பைக் கலைத்துவிட்டு, மேபலை யாராவது நல்ல வீட்டில் விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவது. நாற்பத்தோராவது லைசென்ஸ் அது.

நிலம் கேட்டு நாலு வருடமாகக் கையெழுத்து வாங்கினார்கள். எங்கே என்று நினைக்கிறீர்கள்? அதே இரும்புச் சாமான் கடை வாசலில். சனிக்கிழமைகளில் அங்கே எந்தச் சங்கம் வேண்டுமானாலும் அடுப்பு வைத்து இறைச்சி சாசேஜ் சுட்டு விற்கலாம். தங்கள் தளத்தின் மேலேயே நின்றுகொண்டு, வெங்காயத்தை வதக்கி ரொட்டியில் போட்டுக்கொடுத்து, புதிய தளத்துக்கு ஆதரவு கேட்டார்கள். கிளப் செயலாளர் டாட் ஸ்கெல்லி அம்மாளுக்குத்தான் அடுப்பு, வெங்காயம் மட்டும் வெர்னுக்கு. அறுபத்தெட்டு வயது, வீட்டில் ஆறு நாய், நாக்கில் ஏழாவது.

"வெங்காயத்தைக் கருக்காதேய்யா. கவுன்சிலுக்கு முன்னாடி நீயே ஊரை விரட்டிருவ போலிருக்கு."

"நான் கிளப்புத் தலைவர், டாட். சமையக்காரன் இல்ல."

"தலைவரா? சரி தலைவரே, அந்தத் தக்காளிச் சாஸை எடுங்க."

ஒரு சனிக்கிழமை இளம்பெண் ஒருத்தி வந்தாள். கால்நடை மருத்துவரிடம் வேலை பார்ப்பவள், பெயர் ப்ரியோனி. ரொட்டி வாங்கவில்லை. பேனாவையும் தொடவில்லை.

"உங்க பழைய டிராக்ல எத்தனை நாய்க்குக் கால் உடைஞ்சுது? கணக்கு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே போட்ட டிராக் அது, பாப்பா," என்றார் வெர்ன்.

"நான் கேட்டது அது இல்லையே."

அவள் போன பிறகு டாட் கருகிய வெங்காயத்தைத் தானே சுரண்டி எடுத்தாள்.

மே மாதக் கடைசியில் நகரமன்றத்திலிருந்து கடிதம் வந்தது. சந்தை நிலம் பற்றிப் பொதுமக்கள் கருத்துக் கேட்டு, அன்றே வாக்கெடுப்பு. ஜூன் பதினேழு, மாலை நாலு மணி. வெர்ன் கடிதத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினார். ஒவ்வொருவருக்கும் தானே போன் போட்டார். "பதினேழாம் தேதி. குடும்பத்தோட வரணும். இருநூறு பேர் மண்டபத்துல நிக்கணும்." எல்லோரும் வருகிறோம் என்றார்கள். மனதாரத்தான் சொன்னார்கள்.

நாய்க்காரனுக்குத் தேதி என்பது வெறும் எண். அவனுக்கு இருப்பது கிழமை. செவ்வாய் என்றால் டாலிமோர். முந்தின வாரமே பெயர் கொடுக்க வேண்டும். கை தானாகக் கொடுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை, நாய்கள் புறப்படும் பெட்டிகளின் எண்கள் போட்ட பட்டியல் வந்தது. மேபலுக்கு ஐந்தாம் பந்தயம், ஒன்றாம் பெட்டி. உள்பக்கம் ஒட்டி ஓடுகிற நாய்க்கு அதைவிட நல்ல பெட்டி கிடையாது. வெர்ன் வாயெல்லாம் பல்லாகப் பட்டியலைக் குளிர்பெட்டிக் கதவில், அந்தக் கடிதத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டினார். ஒட்டிய கை அப்படியே நின்றது.

போன் எடுத்தார்.

"டாட், செவ்வாய்க்கிழமை என்ன தேதி?"

அந்தப் பக்கம் நாய்கள் குரைக்கிற சத்தத்துக்கு நடுவே நாட்காட்டி புரளும் சத்தம் கேட்டது.

"அடக் கடவுளே," என்றாள் டாட். "எனக்கு மூணு நாய் ஓடுது. ஒன்னு அரையிறுதி."

"பட்டியல்ல நம்ம ஊர் நாய் மட்டும் முப்பத்தொன்னு. எண்ணிட்டேன்."

"எல்லாத்தையும் வாபஸ் வாங்கிருவோமா?"

"பட்டியல் வந்தப்பறமா? ஒவ்வொரு நாய்க்கும் பத்து நாள் தடை. டாலிமோர்ல பாதிப் பந்தயம் படுத்துரும். நாளைக்கு நமக்குப் பரிஞ்சு பேச வேண்டியவங்களே அவங்கதான்."

"பெரிய தலைவரு. பேப்பரை ஒட்டத் தெரியுது, படிக்கத் தெரியல."

"உனக்கும்தானே சொன்னேன். செயலாளர் நீதானே?"

"நீ சொன்னது பதினேழு. செவ்வாய்னு ஒரு வார்த்தை சொன்னியா? சொல்லியிருந்தா பூனைகூட முழிச்சிக்கும்."

இருவருக்கும் கோபப்படக்கூடத் தெம்பு இல்லை.

"நீங்கல்லாம் போங்க," என்றார் வெர்ன். "மேபலை நான் நிறுத்திக்கிறேன். பேச ஆள் நான் ஒருத்தன் போதும்."

"போதுமா?"

"போதும்னு சொல்றேன்ல."

செவ்வாய்க்கிழமை மூன்றரைக்கே போய்விட்டார். குரிண்டியில் ஜூன் குளிர்காலம்; மேபலுக்குக் கம்பளிச் சட்டை போர்த்தி வண்டியில் படுக்கவைத்தார். அவள் டாலிமோருக்குத்தான் போகிறோம் என்று நினைத்துக் காதைத் தூக்கியபடி இருந்தாள். மண்டபத்தில் அறுபது பேர் இருந்தார்கள். பக்கத்துக் குடியிருப்பில் வீடு கட்டியவர்கள், தேவாலயத்துக்காரர்கள், ப்ரியோனி. நாய்க்காரர்களுக்கு என்று விட்டிருந்த வலது பக்க நாற்காலிகளில் வெர்ன் மட்டும் உட்கார்ந்தார். சுற்றிலும் காலி நாற்காலி.

முதலில் ப்ரியோனி பேசினாள். கத்தவில்லை. தன் வீட்டில் மூன்று காலோடு ஒரு நாய் இருக்கிறது, பழைய தளத்தின் முதல் திருப்பத்தில் கணுக்கால் நொறுங்கியது என்றாள். அந்த ஒரு திருப்பத்தில் மட்டும், தளம் ஓடிய கடைசி ஐந்து வருடத்தில் இருபத்து மூன்று நாய் என்றாள். "அந்தத் திருப்பத்தை யார் போட்டாங்கன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்," என்று வெர்னைப் பார்த்தபடி முடித்தாள்.

மேயர் திருமதி லாங்ஹர்ஸ்ட் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ட்ரெகியர், உங்களுக்கு மூணு நிமிஷம்."

டாட் எழுதிக்கொடுத்த தாள் சட்டைப்பையில் இருந்தது. வேலை வாய்ப்பு, வியாபாரம், எல்லாம் இருந்தது. வெர்ன் அதை எடுக்கவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நான்தான் போட்டேன்," என்றார். "அந்தத் திருப்பத்த. அதை நான் வேற எங்கயும் இப்படிச் சொன்னதில்ல. டிராக்கு என்னுதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன், திருப்பத்தைச் சொல்ல மாட்டேன். இறுக்கமா போட்டுட்டேன். இடம் அவ்வளவுதான் இருந்துச்சு. இறுக்கம்னு ரெண்டாவது வருஷமே தெரியும். என் நாய் ஒன்னும் அதுலதான் போச்சு. இப்ப நாங்க கேக்கிற சந்தை நிலம் எழுநூறு மீட்டர் நீளம். அதுல திருப்பமே வேண்டாம். நேர்க்கோடா போடலாம். நான் போட மாட்டேன், படிச்சவங்க போடட்டும்."

உட்காரப் போனார்.

"இருங்க," என்றார் மேயர். "உங்க மனுவுல இருநூறு குடும்பம்னு எழுதியிருக்கு. எங்க அவங்க? ஒருத்தர்கூட வரலையே. அக்கறை அவ்வளவுதானா?"

"டாலிமோர்ல இருக்காங்க, மேடம்."

"இன்னைக்கா?"

"இன்னைக்கு செவ்வாய்க்கிழமை."

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். சிரிப்பு மண்டபம் முழுக்கப் பரவியது. மேயரின் உதடும் லேசாக அசைந்தது. வெர்ன் சிரிக்கவில்லை.

"நான் தேதி சொன்னேன், கிழமை சொல்லல. தப்பு என்னுதுதான். எங்க ஆளுங்களுக்குக் கிழமைதான் தெரியும். கல்யாணமே செவ்வாய்ல வச்சா மாப்பிள்ளை வர மாட்டான். இன்னைக்கு முப்பது நாயோட போகவும் வரவும் அஞ்சு மணி நேரம் ரோட்டுல இருக்காங்க. இங்க ஒரு டிராக் இருந்தா பத்து நிமிஷத்துல வந்து இந்நேரம் எல்லாரும் இந்த நாற்காலில இருப்பாங்க. அவ்வளவுதான்."

வாக்கெடுப்பில் நாலுக்கு நாலு. மேயர் தன் வாக்கைப் போடவில்லை. நேர்த்தளம் என்பது புதிய விஷயம், பாதுகாப்பு அறிக்கை வேண்டும், ஆகவே ஒத்திவைக்கிறேன் என்றார். நாலு வருடத்தில் இது ஐந்தாவது ஒத்திவைப்பு. வெர்னுக்கு எழுந்திருக்கவே மனம் வரவில்லை. எழுத்தர் நாட்காட்டியைப் புரட்டிப் படித்தார். "அடுத்த கூட்டம், ஆகஸ்ட் பன்னிரண்டு."

"அது என்ன கிழமை?" என்று கேட்டார் வெர்ன்.

"செவ்வாய். மன்றக் கூட்டம் எப்பவும் செவ்வாய்தான்."

"செவ்வாய் வேண்டாம்," என்றார். கெஞ்சவில்லை, மிரட்டவுமில்லை. களைத்துப்போன மனிதன் இன்னும் ஒரு படி ஏற முடியாது என்று சொல்வதுபோல் சொன்னார்.

மேயர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் மேயரைப் பார்த்தார். இடது பக்கத்திலிருந்து ப்ரியோனியின் குரல் வந்தது. "வேற நாள் குடுங்க. அவங்களும் வரட்டும். ஆள் இல்லாத இடத்துல ஜெயிக்க எனக்கு வேண்டாம்."

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. வண்டிக் கதவைத் திறந்ததும் மேபல் எழுந்து அவர் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, பந்தயம் ஏதும் இல்லை என்று புரிந்து மறுபடி சுருண்டுகொண்டாள். வெர்ன் முன் பெட்டியிலிருந்து படிவத்தை எடுத்து, வண்டி மூக்கின் மேல் விரித்துக் கையெழுத்துப் போட்டார். குளிரில் எழுத்துக் கோணலாக விழுந்தது. போன் அடித்தது.

"அரையிறுதில ரெண்டாவது," என்றாள் டாட். பின்னால் ஒலிபெருக்கிச் சத்தம். "அதை விடு. அங்க என்ன ஆச்சு? என்ன கிடைச்சுது?"

"வியாழக்கிழமை," என்றார் வெர்ன். "ஆகஸ்ட் பதினாலு. எழுதிக்கோ. வியாழன்னு எழுது, தேதி எழுதாதே."