பெர்மெத்திடம் யாரும் சொல்லாத சேதி

கணவாய்க்கு ஏறும் சாலையில் கடைசி வீடு அனார்கானுடையது. அதற்கு மேலே சாலையை மறிக்கும் தடுப்புக் கட்டை, அதற்கும் மேலே வெறும் மலை. முன்னறையில் நாலு மேசை போட்டுச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள். சூப்பில் தண்ணீர் கொஞ்சம் கூடுதல்தான், அதை அவளே மறுக்கமாட்டாள். கீழே திருப்பத்தில் புதிதாக ஒரு கடை வந்து கோழியெல்லாம் பொரித்துக் கொடுக்கிறார்கள். இருந்தும் வண்டிக்காரர்கள் இவள் வாசலில்தான் நிறுத்துவார்கள்.

காரணம் கேட்டால் சிரிப்பார்கள். "அனார்கான் அக்கா கடையில வயிறு நிறையாது, மனசு காலியாகும்" என்பான் கச்கின். தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து மலைக்கு அந்தப்புறம் ஆள் ஏற்றிப் போகும் வேன் அவனுடையது. ஒருமுறை பெண்டாட்டி கோபித்துக்கொண்டு தாய் வீடு போனபோது, மூலை மேசையில் உட்கார்ந்து டீயில் ஆடை படியும்வரை பேசினான். அனார்கான் ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. அவன் நிறுத்தும்போதெல்லாம் "அப்புறம்?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் அவனே மாமனார் வீட்டுக்குப் போய்த் தலைகுனிந்து நின்றான்.

யார் வந்தாலும் முதலில் ரொட்டியை எடுத்து வைப்பாள். அவர்கள் அதைப் பிய்த்து வாயில் போடும்வரை எந்த ஊர், எங்கே பயணம் என்று கேட்கமாட்டாள். பேசத் தொடங்கினால் ரேடியோவை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்வாள். கையில் வேலை இருந்தால் காதில் பாதிதான் விழும் என்பது அவள் எண்ணம்.

அந்தக் காது சும்மா வந்துவிடவில்லை. அவள் புருஷன் சமாத் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போய்ச் சாரத்திலிருந்து விழுந்து இறந்தான். சாவுச் சேதியை இந்த மலைநாட்டு ஆட்கள் நேராகப் போட்டு உடைப்பதில்லை. உறவு கூட வேண்டும், பெரியவர் ஒருவர் பதமாக எடுத்துச் சொல்ல வேண்டும், அதுவரை யாரும் வாய் திறக்கமாட்டார்கள். தூரத்தில் இருப்பவரை உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லி வரவழைப்பார்கள். காலையிலேயே ஊருக்குச் சேதி வந்துவிட்டது. ஒவ்வொருவராக அவள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். விருந்தாளிகள் என்று நினைத்து அவள் மாவு பிசைந்தாள், எண்ணெய் காயவைத்துப் பூர்சோக் அப்பம் பொரித்தாள், டீக் கிண்ணங்களோடு ஓடினாள். தன் புருஷனுக்குத் துக்கம் கேட்க வந்தவர்களுக்கே பரிமாறிக்கொண்டிருந்தாள். ஒருநாளும் அன்பாக ஒரு வார்த்தை சொல்லாத மாமியார் அவள் கையிலிருந்த தண்ணீர் வாளியை வாங்கிக்கொண்டு, "உக்காரும்மா, கண்ணு" என்றாள். அப்போதே அனார்கானுக்குச் சந்தேகம் தட்டியது. ஆனால் பெரியவர் வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது.

அதற்காக அவள் யாரையும் குறை சொன்னதில்லை. இடியை ஒரேயடியாகத் தலையில் இறக்காமல் இருப்பது இரக்கம்தானே. ஆனாலும் அன்றிலிருந்து, ஒருவர் என்ன பேசுகிறார் என்பதோடு பேச்சு எப்படி வருகிறது என்றும் கேட்கப் பழகிவிட்டாள்.

இலையுதிர் காலம் முடிகிற சமயம். நடுப்பகல் தொழுகையை முடித்து அவள் பாயைச் சுருட்டி வைக்கும்போது கச்கினின் வேன் வந்து நின்றது. வானம் சாம்பல் கொட்டியதுபோல் இருந்தது. மற்றவர்கள் இறங்குவதற்கு முன்னால் கச்கின் மட்டும் உள்ளே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, முன் சீட்டுல ஒரு பொண்ணு. பேரு பெர்மெத். ரஷ்யாவுலேருந்து வருது. அம்மாவுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்ல, உடனே கெளம்பி வான்னு தம்பிக்காரன் சொல்லியிருக்கான். புரியுதுல்ல?"

"புரியுது" என்றாள் அனார்கான்.

"வழியெல்லாம் யாரும் வாயத் தொறக்கல. நீங்களும் எதையாவது விட்டுறாதீங்க."

பயணிகள் உள்ளே வந்தார்கள். பெர்மெத்துக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அவள் தோளில் யாரோ ஒருத்தியின் சால்வை கிடந்தது. தாடிக்காரப் பெரியவர் ஒருவர் தனக்கு வந்த டீயை அவளுக்கு நகர்த்தி வைத்தார். அனார்கானும் ரொட்டியோடு, உள்ளே வைத்திருந்த வெண்ணெயையும் தேனையும் எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தாள்.

பெர்மெத் வெண்ணெயைப் பார்த்தாள். பிறகு பக்கத்து மேசையைப் பார்த்தாள்.

"அவங்களுக்கு வெக்கலையே" என்றாள்.

அனார்கான் தேன் கிண்ணத்தை இன்னும் கிட்டே நகர்த்தினாள்.

"ஏன் எல்லாரும் எங்கிட்ட இவ்வளவு நல்லா நடந்துக்கிறீங்க? காலைல வண்டி ஏறும்போது முன் சீட்டுக்கு ரெண்டு பேரு சண்ட போட்டுக்கிட்டிருந்தாங்க. நான் எதுக்குப் போறேன்னு சொன்னதும் எனக்கு விட்டுக்குடுத்துட்டாங்க. டிரைவரு பாட்டே போடல. இந்த அம்மா தன் சால்வையக் குடுத்துட்டுக் குளுருல நடுங்கிக்கிட்டு வர்றாங்க. இப்ப நீங்க தேன் வெக்கிறீங்க."

சால்வைக்காரம்மா குனிந்து சூப்பைப் பார்த்தாள். பெரியவர் தாடியைத் தடவிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். யாரும் பதில் சொல்லாததையே பெர்மெத் பதிலாக எடுத்துக்கொண்டாள். சால்வையை மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

அனார்கான் பின்னாலேயே ஓடினாள். பெர்மெத் சாலையைத் தாண்டி, கீழே இறங்கும் வண்டிகள் வரும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"எங்கம்மா போற?"

"திரும்பிப் போறேன். எங்கம்மாவ மண்ணுல வெச்சிருப்பாங்க. இனி யாருக்காகப் போகணும்? ஆறு வருஷமா பணம் மட்டும் அனுப்பினேன். இப்பப் போனா ஊரே வாசல்ல நின்னு பாக்கும். உசுரோட இருக்கும்போது வராதவ, ஒப்பாரி வெக்க வந்துட்டான்னு."

ஆட்கள் ஏறத் தொடங்கிவிட்ட வேனிலிருந்து ஹாரன் அடித்தது. கச்கின் தலையை நீட்டினான். "அக்கா, மேல வெளுத்துருச்சு. பனி விழுந்தா கட்டையப் போட்டுருவேன்னு காவக்காரன் சொல்றான். மூடிட்டா எப்பத் தொறப்பான்னு அவனுக்கே தெரியாது."

இறைவன் நாடியது நடந்தது என்று சொல்லி அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள அனார்கானுக்கு வாய்வரை வந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் அவளுக்கு உறைத்தது. இவள் வந்ததிலிருந்து கச்கின் சொன்னதைத்தான் கேட்டோமே தவிர, இவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேனை எடுத்து வைத்ததோடு தன் வேலை முடிந்ததாக நினைத்துவிட்டோம். முகம் சுருங்கிப்போனது அவளுக்கு.

சாலையோரக் கல்லில் பெர்மெத்தை உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"தம்பி என்ன சொன்னான்? அவன் சொன்ன மாதிரியே சொல்லு."

"மொதல்ல, அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல, வான்னான். அவ்வளவுதான். நான் லீவு கேட்டு, டிக்கெட் கெடச்சு வர்றதுக்குள்ள நாளாயிருச்சு."

"அப்புறம்?"

"இன்னைக்குக் காலைல பிஷ்கெக்குல எறங்கினதும் நானே கூப்பிட்டேன். கத்தினான்."

"என்னன்னு கத்தினான்?"

"அத எதுக்குக் கேக்குறீங்க?"

"கேக்குறேன். சொல்லு."

பெர்மெத் மூக்கை உறிஞ்சினாள். "இன்னும் அங்கதான் நிக்கிறியா, ஊர்ல இருக்கிறவங்க வீட்டையெல்லாம் கூட்டிப் பெருக்குவ, பெத்தவளப் பாக்க ஒனக்கு நேரமில்ல, நீயெல்லாம் ஒரு பொம்பளையா, வந்து தொலைன்னான். பாதியில லைன் கட்டாயிருச்சு. மறுபடி கெடைக்கல."

"இப்படியேதான் சொன்னானா? மெதுவா, பதமா எதுவும் சொல்லலையா?"

"ஊலானா? அவனுக்குப் பதமா பேச வராது. ஆனா இப்படி ஒருநாளும் கத்தினதில்ல."

துக்க வீட்டிலிருந்து, வருகிறவளை இப்படித் திட்டுவார்களா? ஏமாற்றிக் கூட்டிவர நினைத்தவன் தேனொழுகப் பேசியிருப்பானே. மெதுவா வாக்கா, அவசரமில்ல, சாப்பிட்டியா என்றிருப்பானே. வாளியை வாங்கிக்கொண்ட மாமியாரின் குரல் இத்தனை வருஷம் கழித்தும் அவள் காதுக்குள் இருந்தது. அந்தக் குரல் எதற்கு வரும் என்று அவளுக்குத் தெரியும். இது அந்தக் குரல் இல்லை.

ஆனால் தப்பாக இருந்துவிட்டால்? இல்லாத நம்பிக்கையை ஊட்டி ஒருத்தியைப் பிணத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் அதைவிடப் பாவம் உண்டா? அல்லாஹ்வே, என் வாயிலிருந்து பொய் வராமல் காப்பாற்று என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"எனக்கு நிச்சயமாத் தெரியாதும்மா" என்றாள். "தெரிஞ்ச மாதிரி சொல்லவும் மாட்டேன். ஆனா செத்த வீட்லேருந்து இப்படித் திட்டமாட்டாங்க. நேரம் போயிருமோன்னு பயந்தவன்தான் இப்படித் திட்டுவான்."

பெர்மெத் அவளையே பார்த்தாள். "அப்ப இவங்க எல்லாம்?"

அனார்கான் எழுந்து வேன் பக்கம் குரல் கொடுத்தாள். "கச்கின், இந்தப் பொண்ணோட அம்மா சேதிய ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? இதெல்லாம் சொல்லித்தான் தெரியணுமாக்கா."

"அவங்க ஊர்க்காரங்க யாராவது சொன்னாங்களா?"

கச்கின் ஸ்டியரிங்கைப் பார்த்தான். "இல்ல" என்றான்.

பெர்மெத் எழுந்த வேகத்தில் பை கீழே விழுந்தது. இதுவரை இருந்தது துக்கம். இப்போது வந்தது பதற்றம். "நேரமாச்சே, நான் இங்க உக்காந்து கத பேசிக்கிட்டிருக்கேனே" என்று பையை விட்டுவிட்டு வேனை நோக்கி ஓடினாள். பெரியவர் பையை எடுத்து வந்தார்.

கச்கின் இறங்கி அனார்கானை ஓரமாக இழுத்தான். "என்னக்கா பண்ணிட்டீங்க. அங்க வாசல்ல துக்கக் கூடாரம் போட்டிருந்தா நான் இது மொகத்துல எப்படி முழிப்பேன்?"

"நீ முழிக்க வேணாம். நானும் வர்றேன்."

"கடை?"

"கடைய என்ன ஓநாயா தூக்கிட்டுப் போவப் போவுது."

"ஒங்க சூப்பக் குடிச்சா ஓநாய் இந்தப் பக்கமே வராது" என்றான். யாரும் சிரிக்கவில்லை, அவனும் சிரிக்கவில்லை.

அனார்கான் அடுப்பை மூடி, கோட்டை மாட்டிக்கொண்டு வந்தாள். நம்பிக்கையைக் கொடுத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து குளிர்காய அவளால் முடியாது. தப்பென்றால் அந்தப் பெண் விழும்போது பிடிக்கத் தன் கைதான் இருக்கவேண்டும். பெர்மெத்தின் இருக்கைக்குப் பின்னால், மாவு மூட்டைமேல் உட்கார்ந்தாள். அவர்கள் தாண்டியதும் காவல்காரன் கட்டையை இறக்குவது கண்ணாடியில் தெரிந்தது.

ஏற்றத்தில் பனி பிடித்துக்கொண்டது. கண்ணாடி துடைப்பான் துடைக்கத் துடைக்க வெள்ளை வந்து ஒட்டியது. ஒரு வளைவில் சக்கரம் சுற்றியதே தவிர வண்டி நகரவில்லை. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். பெர்மெத்தும் இறங்கித் தள்ளினாள், வேண்டாம் என்றவர்களைக் காதில் வாங்கவில்லை. சால்வைக்காரம்மா கையேந்தி முணுமுணுவென்று ஓதிக்கொண்டிருந்தாள். கச்கின் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். அனார்கானுக்கு மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டதுபோல் இருந்தது. தான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவன் வெறும் முரடனாக இருந்தால்? தாயைப் புதைத்த ஆத்திரத்தில் அக்காளைத் திட்டியிருந்தால்? அப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள்தானே.

உச்சியைத் தாண்டி இறங்கியதும் பனி குறைந்தது. பள்ளத்தாக்கில் ஊர் தெரிந்தது. பாலத்துக்கு அப்பால் நீல வேலி போட்ட வீடு என்று பெர்மெத் கையைக் காட்டினாள்.

வேலிக்குப் பின்னால் வட்டமாக, வெள்ளையாக ஒன்று நின்றது.

கச்கின் வேகத்தைக் குறைத்தான். அனார்கான் முன்னால் சாய்ந்து பெர்மெத்தின் தோளைப் பிடித்தாள். துக்கக் கூடாரமும் இதேபோல் வட்டமாக, வெள்ளையாகத்தான் இருக்கும், ஆனால் அதன் பக்கத்தில் ஆண்கள் கோலை ஊன்றி வரிசையாக நிற்பார்கள். ஆட்களைத் தேடினாள். ஆட்கள் இல்லை. பனியில் நிற்கமுடியாமல் உள்ளே போயிருக்கலாம். வண்டி பாலத்தில் ஏறி இறங்கியது. இன்னும் கிட்டே போனதும்தான் தெரிந்தது, தார்ப்பாய் போர்த்திய வைக்கோல் போர், மேலே பனி.

வாசலில் ஒருவன் வாளியோடு வந்தான். வேனைப் பார்த்து வாளியைக் கீழே வைத்தான். ஊலான்தான். பல நாள் தூங்காத முகம். பெர்மெத் வண்டி நிற்பதற்குள் குதித்து அவன்முன் போய் நின்றாள்.

"வந்துட்டியாக்கா" என்றான், மெதுவாக.

அந்த மெதுவான குரலைக் கேட்டதும் அனார்கான் வேலியைப் பிடித்துக்கொண்டாள். தப்பாகச் சொல்லிவிட்டோம் என்றே நினைத்தாள்.

"நிக்காத, உள்ள போ" என்றான் ஊலான். "அம்மாவுக்கு ஒரு பக்கம் இழுத்துருச்சு. காலைலேருந்து ஒம்பேரத்தான் சொல்லிக்கிட்டே இருக்கு. டாக்டரு ராத்திரி தாண்டினாச் சொல்றேன்னுட்டாரு. பேச்சு சரியா வரல, கிட்டப் போய்க் கேளு."

பெர்மெத் உள்ளே ஓடினாள்.

ஊலான் அனார்கானைப் பார்த்தான். "நீங்க யாரு?"

"வழியில கடை வெச்சிருக்கேன்" என்றாள் அவள். அதற்குமேல் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"உள்ள வாங்க. ரொட்டி தொடாமப் போகக்கூடாது" என்று அவன் கதவைத் திறந்து பிடித்தான். வேனில் இருந்தவர்கள் எல்லாரும் வேறு வேறு ஊருக்குப் போகவேண்டியவர்கள், பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது. ஒருவரும் கிளம்பச் சொல்லவில்லை.

ஜன்னலோரம் மெத்தையில் தாய் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பெர்மெத் கோட்டைக்கூடக் கழற்றாமல் மண்டியிட்டு, காதைத் தாயின் உதட்டோரம் வைத்திருந்தாள். அவள் தலைமுடியிலிருந்த பனி உருகித் தலையணையில் சொட்டியது. தாய் ஏதோ சொன்னாள். காற்றும் எச்சிலுமாக வந்ததே தவிர வார்த்தையாக வரவில்லை.

"அது என்ன சொல்லுதுன்னா" என்று ஊலான் ஆரம்பித்தான்.

அனார்கான் அவன் கையைத் தொட்டு நிறுத்தினாள்.

"வெளங்கலம்மா" என்றாள் பெர்மெத். "நான் இங்கதான் இருக்கேன். மறுபடி சொல்லு."

தாய் மூச்சைச் சேர்த்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினாள்.